பார்வை தெளிவாக இருந்தாலும் விழித்திரையைக் காட்டுங்கள்

"பார்வை நல்லாத்தானே இருக்கு, கண் டாக்டர் எதுக்கு?" என்று கேட்காத சர்க்கரை நோயாளிகள் குறைவு. இந்தக் கேள்விதான் ஆபத்து. விழித்திரையின் ஓரத்தில் ரத்தம் கசிந்தாலும், கூர்ந்து பார்க்க உதவும் மேக்குலா என்ற நடுப்பகுதி தப்பியிருக்கும்வரை, பெங்களூரு மெஜஸ்டிக்கில் வந்து நிற்கும் பேருந்தின் எண்ணைத் தூரத்திலிருந்தே படித்துவிடலாம். வலியும் இருக்காது.

ஆண்டுக்கணக்கில் கூடியே நிற்கும் சர்க்கரை, விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பாழாக்குகிறது. சில குழாய்கள் புடைத்துக் கசியும், சில அடைத்துக்கொள்ளும். கசிந்த நீர் மேக்குலாவில் தேங்கினால் எழுத்து மங்கும், நேர்கோடு நெளியும். அடைப்பால் பிராணவாயு குறைந்தால் விழித்திரை வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை மிகுதியாகச் சுரக்கும். அதன் தூண்டுதலில் முளைக்கும் புதுக் குழாய்கள் எளிதில் உடையும். கண்ணுக்குள் ரத்தம் பரவும்.

கண்ணில் போடும் ஊசி இந்தப் புரதத்தைத்தான் அடக்குகிறது. வீரியம் சில வாரங்களில் குறைவதால், மறுபடியும் போடவேண்டிவரும். லேசரோ விழித்திரையின் ஓரத்தைச் சுட்டு, பிராணவாயுத் தேவையைக் குறைக்கிறது. இரண்டுமே ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தொடுவதில்லை. ஊசி போட்டாயிற்று என்று மாத்திரையை விடுவது, கசிவுக்கான காரணத்தை அப்படியே வைத்திருப்பதுதான்.

1993இல் வெளியான டி.சி.சி.டி. ஆய்வு, முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்தது. விழித்திரை பாதிக்கப்படாதிருந்தவர்களில், சர்க்கரையைத் தீவிரக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தோருக்கு விழித்திரை பாதிப்பு தோன்றும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வு காட்டிய இன்னொன்றை மருத்துவர்கள் நோயாளிகளிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பேன். ஏற்கெனவே பாதிப்புள்ள சிலருக்கு, சர்க்கரை வேகமாக இறங்கும்போது தொடக்கத்தில் விழித்திரை சற்று மோசமாகலாம். இது தெரியாதவர் பயந்து இன்சுலினை நிறுத்திவிடுவார். நிறுத்தக்கூடாது, நாளடைவில் கட்டுப்பாட்டின் பலனே மேலோங்கியது. அதனால் சிகிச்சையைத் தீவிரப்படுத்தும் முன்பே விழித்திரையைப் பார்த்துவிடுவது நல்லது. ரத்த அழுத்தத்தையும் கவனிக்கவேண்டும்.

பெங்களூருவில் வசதிக்குக் குறைவில்லை. 1913இல் எழுந்த அரசு மிண்டோ கண் மருத்துவமனை சாமராஜ்பேட்டையில் இருக்கிறது. விழித்திரையைப் படமெடுக்கும் எளிய கேமராக்களை உருவாக்கிய ஃபோரஸ், ரெமிடியோ நிறுவனங்களும் இந்த ஊர்தான்.

இரண்டாம் வகை நோயென்றால், கண்டறிந்த உடனே ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும், பாதிப்பிருந்தால் மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் காட்டுங்கள். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது. வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.