மழலையும் நகைப்பும்

குழந்தைகள் வளரும் இல்லத்தில் நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை. செருப்பைக் கால் மாற்றி அணிந்துகொண்டு கம்பீரமாக நடைபோடும் சிறுவனும், நைவேத்தியத்திற்கு வைத்த வாழைப்பழத்தை உண்டுவிட்டு, 'சாமிதான் சாப்பிட்டார்' என்று வாயைத் துடைத்துக்கொண்டே கூறும் சிறுமியும் பெற்றோரின் நாள் முழுவதுமான களைப்பை நொடியில் போக்கிவிடுகின்றனர். மக்கட்பேற்றுக்கெனத் தனி அதிகாரமே வகுத்த திருவள்ளுவர் மழலைச் சொல்லை இன்னிசைக்கும் மேலாகப் போற்றியதில் வியப்பில்லை.

ஆயினும், சிந்தனைக்குரிய கேள்வி ஒன்று உண்டு. குழந்தையின் சொல்லைக் கேட்டுப் பெரியவர்கள் சிரிக்கும்போது, அச்சிரிப்பு குழந்தையின் உள்ளத்தில் எதை விதைக்கிறது?

மணியடிக்கும் தாத்தா

ஹைதராபாத்தில் 1951-இல் தொடங்கப்பட்ட சாலார் ஜங் அருங்காட்சியகத்திற்குச் செல்லும் குடும்பங்கள் அங்குள்ள இசைக் கடிகாரத்தின் முன் காத்திருப்பது வழக்கம். ஒவ்வொரு மணி நேரத்திற்கும் தாடி வைத்த சிறிய உருவம் ஒன்று வெளியே வந்து, மணி எத்தனையோ அத்தனை முறை அடித்துவிட்டு உள்ளே சென்றுவிடும். மற்றோர் உருவம் கொல்லனைப் போலச் சம்மட்டியால் நொடிகளைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

அக்காட்சியைக் காணும் மூன்று வயதுக் குழந்தை என்ன கேட்கும் என்பது பெற்றோர் அனைவருக்கும் தெரிந்ததே. 'அந்தத் தாத்தாவுக்கு யார் சோறு போடுவார்கள்? 12 தடவை அடித்தால் கை வலிக்காதா?' சுற்றியிருப்போர் சிரிப்பர். குழந்தை மட்டும் சிரிக்காது. மற்றவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றும் அச்சொல், குழந்தைக்கு மெய்யான கவலை. உயிரற்ற பொம்மையின் கைவலியையும் தன் வலியாக உணரும் கருணை அதில் இருக்கிறது.

அடுத்து நிகழ்வதுதான் கவனத்திற்குரியது. தந்தை அலைபேசியை எடுத்து, 'இன்னொரு முறை சொல், கண்ணா' என்கிறார். குழந்தையும் சொல்கிறது. ஆனால் இம்முறை அதன் கண்கள் தாத்தாவை நோக்கவில்லை. படம் எடுப்பவரின் முகத்தையே நோக்குகின்றன. தாத்தாவின் கைவலி மறைந்து, 'நான் சொன்னதைக் கேட்டு எல்லோரும் மகிழ்கிறார்கள்' என்னும் எண்ணம் அவ்விடத்தில் அமர்ந்துவிடுகிறது. அகங்காரத்தின் முதல் தளிர் இவ்வாறு அன்பின் கைகளாலேயே நீரூற்றப்படுகிறது.

குருதேவர் கண்ட சிவராமன்

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரும் மழலையின் வேடிக்கையை ரசித்தவர். காமார்புகூரில் தம் அண்ணன் மகன் சிவராமனுக்கு நான்கைந்து வயது இருந்தபோது நிகழ்ந்தவற்றை அவர் பக்தர்களிடம் விவரித்தது 'ஸ்ரீராமகிருஷ்ணரின் அமுதமொழிகள்' நூலில் பதிவாகியுள்ளது. வெட்டுக்கிளியைப் பிடிக்க முயன்ற சிவராமன், சலசலத்த இலைகளைப் பார்த்துச் சத்தம் போடாமலிருக்கும்படி கண்டித்தானாம். மழை நாளில் மின்னல் வெட்டியபோது, யாரோ மீண்டும் தீக்குச்சி கிழிக்கிறார்கள் என்று சித்தப்பாவிடம் அறிவித்தானாம்.

குருதேவர் இவற்றைச் சொன்னது பிள்ளையின் சாமர்த்தியத்தைப் பறைசாற்றுவதற்காக அன்று. அனைத்தையும் உணர்வுடையதாகக் காணும் பார்வை குழந்தைக்கு இயல்பாக அமைந்திருப்பதை அவர் அதில் கண்டார். குழந்தை முக்குணங்களுக்கும் கட்டுப்படாதது என்றும் அவர் கூறுவதுண்டு. தந்தை வாங்கித் தந்த ஆடையைத் தரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தை, மறுகணம் ஒரு பொம்மைக்காக அதைக் கொடுத்துவிடும். சண்டையிட்ட தோழனையே சற்று நேரத்தில் கட்டிக்கொள்ளும். பிடிவாதமும் கோபமும் அதனிடம் உண்டு, அவை தங்குவதில்லை.

பெற்றோரின் கடமை

அப்படியானால் சிரிப்பது தவறா? சிரிப்பற்ற இல்லத்தில் குழந்தை வாடிவிடும். செடியை எவரும் வளர்க்க முடியாது, அது தானே வளர்கிறது, தடைகளை அகற்றுவது மட்டுமே பிறர் பணி என்பது கல்வி குறித்துச் சுவாமி விவேகானந்தரின் கருத்து. ஏளனமும் ஒரு தடை, அளவற்ற பாராட்டும் ஒரு தடை. தவறாக உச்சரித்ததற்காகக் கேலிக்கு ஆளாகும் பிள்ளை பேசவே தயங்குகிறது. விருந்தினர் முன் திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டும்படி ஏவப்படும் பிள்ளை நடிக்கக் கற்றுக்கொள்கிறது.

மனமாரச் சிரித்தபின், அக்கேள்விக்கு உண்மையான விடை அளிப்பதே முறை. 'அது பொம்மை, உள்ளே இருக்கும் சக்கரங்கள் அதை அசைக்கின்றன, அதற்கு வலிக்காது' என்று சொல்லலாம். அதோடு, 'நாள் முழுவதும் வாசலில் நிற்கும் காவலாளித் தாத்தாவுக்குக் கால் வலிக்கும். வா, வணக்கம் சொல்லிவிட்டுப் போவோம்' என்று அழைத்துச் செல்லலாம். பொம்மையின்மேல் பிறந்த கருணை அப்போது உயிருள்ள மனிதரைச் சென்றடையும்.

இதில் பெற்றோருக்கும் பாடம் உண்டு. பூஜையின்போதும் தானம் செய்யும்போதும் யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் நோக்கும் பழக்கம் பெரியவர்களிடம் எப்போது குடிபுகுந்தது? அவர்களும் ஒரு காலத்தில் கடிகாரத் தாத்தாவுக்காகக் கவலைப்பட்டவர்கள்தாமே! குழந்தை அறியாமலே பெற்றிருக்கும் அந்தக் கள்ளமின்மையைச் சாதகன் விவேகத்தால் மீண்டும் அடைய வேண்டியிருக்கிறது. அதுவரை, இல்லத்தில் உள்ள மழலையிடம் அது கலையாமல் காப்பதும் ஒரு வழிபாடே.