ஆதாம் இட்ட பெயர்களும் நம் பிள்ளைகளும்



ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் நாம் கவனியாமல் தாண்டிப் போகிற காரியம் ஒன்றுண்டு. சர்வேசுரன் மனிதனைச் சிங்காரவனத்தில் வைத்து, அதைப் பயிரிடவும் காக்கவும் கட்டளையிட்டார். அதன் பின், ஏவாளைச் சிருஷ்டிக்கு முன்னமே, மிருகங்களையும் ஆகாயத்துப் பறவைகளையும் ஆதாமிடம் கொண்டுவந்து, அவைகளுக்கு அவன் என்ன பெயரிடுவான் என்று பார்த்தார். பெயர்களைச் சர்வேசுரனே இட்டிருக்கலாகாதா? இட்டிருக்கலாம். ஆனால் பெயரிட வேண்டுமானால் நின்று பார்க்க வேண்டும். இது அதைப்போல் அல்லவென்று பிரித்தறிய வேண்டும். காவல்காரனுக்குக் காவலில் உள்ளவைகளை முதலாவது அறிமுகஞ் செய்துவைத்தார் ஆண்டவர். அறியாததைக் காக்கும்படி அவர் யாரையும் ஏவவில்லை.

இப்பொழுது நமது சென்னைப் பட்டணத்துப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஆப்பிரிக்காவிலுள்ள ஒட்டகச்சிவிங்கியைத் தெரியும்; பனிக்கட்டியில் நடக்கும் பெங்குவினைத் தெரியும். கோவில் மதிலோரம் நிற்கிற மரம் புங்கையா பூவரசா என்றால் விழிக்கிறார்கள். கரிச்சானும் செம்போத்தும் அவர்களுக்கு வெறும் "குருவி". பிள்ளைகளைக் குறைகூறிப் பயனென்ன? நாலாம் மாடியில் குடியிருந்து, வண்டியில் பள்ளிக்கூடம் போய், மாலையில் தனிப்பாடத்துக்கு ஓடுகிறவனுக்கு மரத்தடியில் நிற்க யார் நேரம் கொடுத்தார்கள்?

இதனால் நஷ்டம் நமக்கே. முதலில் தேகத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் குறிப்பேடுகளை ரோஜர் உல்ரிச் என்னும் ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டுப் பார்த்து 1984-ல் வெளியிட்டார். பாதிப் பேருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரங்களைப் பார்த்துக் கிடந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. பின்பு, இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரை விசாரித்து 2019-ல் வெளியான ஆராய்ச்சி, வாரத்தில் 120 நிமிஷமாவது பூங்காவிலோ கடற்கரையிலோ காட்டிலோ செலவிடுகிறவர்கள், அப்படிச் செய்யாதவர்களைவிடத் தாங்கள் சுகமாயும் மனநிறைவோடும் இருப்பதாகச் சொல்வது அதிகம் என்று கண்டது. திடகாத்திரர்தானே வெளியே உலாவப் போவார்கள் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம்; நியாயமான ஆட்சேபமே. ஆனாலும் முதியோரிடத்திலும் நெடுநாள் வியாதியஸ்தரிடத்திலும் அதுவே காணப்பட்டது. 120 நிமிஷம் என்பது ஒரு சினிமாவுக்கும் குறைந்த நேரம் அன்றோ!

நம் ஆண்டவர் சேசுநாதரும் ஜெபிப்பதற்கு மலைக்குப் போனார். படவில் உட்கார்ந்து போதித்தார். கவலைப்படுகிறவர்களுக்கு அவர் சொன்ன மருந்து, வயல்வெளிப் புஷ்பங்களையும் ஆகாயத்துப் பறவைகளையும் பாருங்கள் என்பதே. அதைக் கேட்ட ஜனங்கள் தலையைத் திருப்பினால் பறவை கண்ணில் பட்டது. நாமோ அந்தச் சுவிசேஷத்தை மின்விசிறியின் கீழிருந்து கேட்டு, வெளியே வந்ததும் கைப்பேசியைப் பார்க்கிறோம்.

தேகசுகத்தை விடப் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது. கண்டு பழகாததைக் காப்பாற்ற எவரும் எழுந்திருப்பதில்லை. பள்ளிக்கரணைக் கழுவெளி இதற்குச் சாட்சி. அங்கே நின்று ஒரு நாரையைப் பார்த்திராதவர்களுக்கு அது வெறும் சேற்று நிலம். ஆனபடியால் பட்டணத்துக் குப்பையைக் கொட்டினோம், கட்டடங்களை எழுப்பினோம். 2015-ல் பெருவெள்ளம் வந்தபோதுதான், மழைநீர் தங்கும் இடத்தை நாம் தின்றுவிட்டோமென்று பலருக்கு விளங்கிற்று. பறவைகளைத் தேடிப் போய்ப் பெயரோடு கணக்கெடுத்தவர்கள் இப்பட்டணத்தில் நெடுநாளாய் இருந்தார்கள். அந்த நிலத்துக்காகப் பேச அவர்களிடம் சங்கதி இருந்தது, மற்றவர்களிடம் இல்லை. 2022-ல் அது சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது.

நம் கடற்கரைக்கு வருவோம். ஜனவரி முதல் ஏப்ரல் வரையில் இரவு நேரங்களில் ஒரு விருந்தாளி நம் கரையேறுகிறது. கடற்கரை ஜனங்கள் அதற்குப் பங்குனி ஆமை என்று பெயரிட்டிருக்கிறார்கள். தபசுகாலமும் பாஸ்குவும் வருகிற அதே பங்குனி! பெட்டை ஆமை மணலில் குழிதோண்டி, ஏறக்குறைய 100 முட்டைகளை இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஐம்பது நாள் அளவில் குஞ்சுகள் வெளிவரும். இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் கடலென்று அவை நம்பும். சர்வேசுரன் அவைகளுக்கு வைத்த சுபாவம் அது. நட்சத்திர ஒளி விழும் கடல்தான் அப்போது பிரகாசமாயிருந்தது. இன்றோ சாலை விளக்கும், மாடி விளக்கும், கடை விளக்கும் கடலை மங்கச் செய்துவிட்டன. குஞ்சுகள் சாலையை நோக்கி நடந்து, சக்கரத்தில் நசுங்கியும் வெயிலில் காய்ந்தும் சாகின்றன.

இதை முதலில் கண்டவர்கள் நடந்தவர்கள். 1970-களில் கிண்டிப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த சிலர் இரவில் இந்த மணலில் மைல்கணக்காய் நடந்து ஆமைக்கூடுகளைத் தேடினார்கள். ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்கச் சென்னைக்கு வந்த சதீஷ் பாஸ்கர் என்ற வாலிபர் அவர்களில் ஒருவர். படிப்பை விட்டார், அந்தமான், நிக்கோபார், லட்சத்தீவுக் கரைகளைக் காலால் அளந்தார். 1982-ல் லட்சத்தீவில் ஆளில்லாத தீவொன்றில் மழைக்காலம் முழுவதும் தனியே தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். நம் தேசத்துக் கடலாமைகளைப் பற்றிய ஆதி அறிவில் பெரும்பங்கு அவருடைய பாதங்களால் சம்பாதித்தது. 2023-ல் அவர் காலஞ்சென்றார். சென்னை மாணவர்கள் 1988-ல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புச் சங்கத்தார், ஆமைப் பருவத்தில் நீலாங்கரை தொடங்கிப் பெசன்ட் நகர்ப் பக்கமாய் இரவில் நடந்து, முட்டைகளைப் பத்திரமான பொரிப்பிடத்துக்கு மாற்றி வருகிறார்கள். அவர்களோடு ஓரிரவு நடக்கப்போய், கூடு தோண்டுகிற தாய் ஆமையைக் கண்ட பட்டணவாசி மறுவருஷமும் வருகிறான். துண்டுப்பிரசுரம் படித்தவன் அப்படி வருவதில்லை.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. நுரையீரலால் சுவாசிக்கிற பிராணி அது. இழுவை வலையில் நெடுநேரம் சிக்கினால் மூச்சடைத்துப் போகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கலாகாதென்று விதி உண்டு. படகுக்காரரைத் திட்டுவது சுலபம். மலிவான மீனைக் கேட்டு வாங்குகிற நாமும், கடலைப் பார்த்து விடியவிடிய விளக்கெரிக்கிற நாமும் அந்தத் திட்டில் நம் பங்கை ஏற்க வேண்டாமா? கட்டுமரத்துக்காரர்களிடம் நான் கேட்டறிந்த மட்டும், வலையில் விழுந்த ஆமையை அறுத்து விடுகிறவர்கள் அவர்களில் அநேகர்.

சர்வேசுரனின் சிருஷ்டிகளைச் சகோதரரென்று அழைத்த அர்ச். பிரான்சிஸ் அசிசியாரை, 1979-ல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பானவர், சிருஷ்டியைப் பேணுவோருக்குப் பாதுகாவலராக ஏற்படுத்தினார். அவருடைய பெயரையே பூண்ட பிரான்சிஸ் பாப்பானவர் 2015-ல் பூமியைப் பற்றி நிருபம் எழுதினார். அர்ச்சியசிஷ்டவரின் சுரூபத்தில் தோளில் பறவை உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்து மகிழ்கிறோம். அவர் காலத்துப் பறவைகள் அவரிடம் வந்ததற்கு, அவர் அவைகளிடம் போனது முதற்காரணம் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆகையால் பங்கு மக்களைக் கேட்டுக்கொள்கிறது இது. கடலோரத்தில் குடியிருக்கிற குடும்பங்கள் ஜனவரி முதல் ஏப்ரல் முடிய, கடலைப் பார்த்த மாடி விளக்குகளை இரவில் அணைத்துவிடுங்கள், அல்லது திரை போடுங்கள். ஞானோபதேச ஆசிரியர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு பூசைக்குப் பின் பிள்ளைகளைக் கோவில் தோட்டத்தில் சுற்றிக் காட்டுங்கள். மரத்தின் பெயர் தெரியாவிட்டால் நம் உபதேசியார் வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். குஞ்சுகளைச் சாயங்காலத்தில் கடலுக்குள் விடுகிற காலத்தில் பெசன்ட் நகர்க் கரைக்குப் போகிறவர்கள், குஞ்சைக் கையில் எடுக்க வேண்டாம். அது தானே நடந்து அலையைத் தொடட்டும். கைப்பேசி விளக்கையும் அணைத்து வைத்து, கயிற்றுக்கு இப்பால் நின்று பாருங்கள்.