பரணில் கிடக்கும் கேசட்

1902-இல் பனிக்கட்டிக்குள் உறைந்துபோன ஒரு வீரன் 1966-இல் லண்டனில் கண் விழிக்கிறான். கையில் கத்தி ஒளித்த கைத்தடி. பிபிசியின் 'ஆடம் ஆடமன்ட் லிவ்ஸ்' என்ற அடிதடித் தொடர் இது. மறுவருஷமே நிறுத்திவிட்டார்கள். மொத்தம் 29 பகுதிகள். இன்று பார்க்கக் கிடைப்பவை 17. பின்னாளில் பெரிய இயக்குநரான ரிட்லி ஸ்காட் எடுத்தவற்றிலும் இரண்டு போய்விட்டன.

அழித்தது பிபிசியேதான். அன்றைய இரண்டு அங்குல வீடியோ நாடா விலை கூடியது. அழித்துவிட்டு மறுபடி பதியலாம். நடிகர் சங்க ஒப்பந்தம் மறு ஒளிபரப்புக்கு வரம்பு கட்டியிருந்தது. கலர் வந்தபின் கறுப்பு வெள்ளையை யார் சீண்டுவார்கள்? கணக்குப்பிள்ளை பார்வையில் எல்லாம் நியாயம்தான். எனக்கு எரிச்சலே அதுதான்.

அதே பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 90-க்கு மேற்பட்ட பகுதிகளுக்குப் படம் இல்லை. ஆனால் அத்தனைக்கும் ஒலி இருக்கிறது! டிவி முன்னால் மைக்கை வைத்து, வீட்டிலுள்ளவர்களை வாய்மூடச் சொல்லி, ரசிகர்கள் டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்தது. வெளிநாட்டுக்கு விற்ற பிரதிகளில் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்தில் அகப்பட்டு 2013-இல் வெளிவந்தன.

இடுக்கி எல்லை மலைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரிந்த வேலை. கொடைக்கானல் டிவி கோபுரத்தைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே, "இப்பத் தெரியுதா?", "இல்லண்ணே, பூச்சிதான் பறக்குது" என்று கூரைக்கும் வாசலுக்கும் பேச்சு நடந்த காலம். டிவியில் வந்த 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிப் பாட்டை டேப்பில் பிடித்தவர்கள் உண்டு. நடுவில் பிள்ளை அழுவதும் சேர்ந்தே பதிந்திருக்கும். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளத்தில் கல்யாணக் கேசட்டின் மிச்ச நாடாவில் டிவி நாடகம் பதிந்து வைத்த வீடுகளும் இருக்கக்கூடும். டிவி நிலையத்தில் இல்லாத ஒன்று அங்கே கிடக்காது என்று யார் சொல்வது?

அப்படி ஒரு பெட்டி உங்கள் பரணில் இருந்தால் எடுத்தவுடன் பிளேயரில் போட்டுவிடாதீர்கள். மூணாறு ஈரத்துக்கு நாடாவில் வெள்ளைப் பூசணம் பூத்திருக்கும். ஓட்டினால் ஹெட்டும் கெடும், நாடாவும் அறும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். மேலே ஒட்டிய சீட்டை நம்பித் தூக்கி எறியவும் வேண்டாம். ஆடமன்டின் ஒரு பகுதி 2003-இல் பிபிசி கிடங்கிலேயே கிடைத்தது, வேறு பெயர் எழுதிய டப்பாவுக்குள்.