சூறாவளி ஏன் பேச்சை நிறுத்தினாள்?

பழங்காநத்தத்தில் எங்கள் தெருக் கோயில் திருவிழாவில் கரகாட்டம் வைப்பார்கள். ராத்திரி பத்து மணிவரை நாங்கள் முன்னால் மண்ணில் உட்கார்ந்து பார்க்கலாம். அதற்குமேல் பெரியவர் யாராவது, "பொம்பளப் பிள்ளைகல்லாம் வீட்டுக்குப் போங்கத்தா" என்பார். எழுந்து போவோம். நையாண்டி மேளம் மட்டும் வீட்டுக்குள் வந்து கேட்டுக்கொண்டே இருக்கும். நாம் ஏன் பார்க்கக் கூடாது என்று கேட்டால், "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்பார் அத்தை. அங்கே ஆடிக்கொண்டிருப்பவளும் பொம்பளப் பிள்ளைதானே, அவளை யார் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள் என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

2016 பொங்கலுக்கு வந்த பாலாவின் 'தாரை தப்பட்டை' படத்தைப் பார்த்தபோது அந்தக் கேள்வி திரும்பி வந்தது. இளையராஜாவின் ஆயிரமாவது படம் என்று அறிவிக்கப்பட்டு வந்தது அது. பின்னணி இசைக்காக அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. 1989இல் அவர் இசையமைத்த 'கரகாட்டக்காரன்' மதுரையில் ஓடு ஓடென்று ஓடியது. அதே ஆட்டத்தை அதே இசையமைப்பாளரோடு மறுபடி திரைக்குக் கொண்டுவந்த படம், இந்த முறை இருட்டிலிருந்து இருட்டுக்குப் போனது.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கரகாட்டக் குழு. நடத்துபவன் சன்னாசி. குழுவின் உயிர் சூறாவளி. வரலட்சுமி சரத்குமார் நடித்த அந்தப் பெண்ணைப் போல ஒருத்தியைத் தமிழ்ப் படத்தில் நாம் அதிகம் பார்த்ததில்லை. குடிக்கிறாள், கத்துகிறாள், சன்னாசியின் அப்பாவோடு சரிக்குச் சரியாகப் பேசுகிறாள், சன்னாசியின் மேல் வைத்த ஆசையை ஒளிக்காமல் சொல்கிறாள். வெட்கப்படத் தெரியாதவள் என்பதற்காகப் படம் அவளைத் தண்டிக்கப் போவதில்லை என்று முதல் பாதியில் நம்பினேன்.

பிறகு கருப்பையா என்பவன் அவளைப் பெண் கேட்டு வருகிறான். நல்ல வேலையில் இருப்பவன்போலத் தெரிகிறான். மகளாவது இந்தப் பிழைப்பிலிருந்து தப்பிக்கட்டும் என்று தாய் கெஞ்சுகிறாள். சன்னாசி மனதைக் கல்லாக்கிக்கொண்டு சூறாவளியை விட்டுக்கொடுக்கிறான். அத்தை சொன்ன அதே வார்த்தைதான்: அவள் நல்லதுக்கு.

என்னைப் பொறுத்தவரை படத்தின் மையக் குற்றம் இங்கேதான் நடக்கிறது. கருப்பையா கொடியவன் என்பது பின்னால்தான் தெரியவருகிறது. அவன் நல்லவனாகவே இருந்திருந்தாலும், தன் தொழிலையும் தன் காதலையும் பற்றித் தெளிவாகப் பேசத் தெரிந்த ஒருத்தியின் வாழ்க்கையை வேறு இருவர் பேசி முடித்தது முடித்ததுதான். படமோ இதைச் சன்னாசியின் தியாகமாகப் பார்க்கிறது. நாம் கண்ணீர் விட வேண்டியது அவனுக்காக.

இரண்டாம் பாதியில் சூறாவளியின் குரல் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. அவள் விற்கப்படுகிறாள், சிதைக்கப்படுகிறாள், சாகிறாள். அத்தனை பேசிய பெண்ணிடமிருந்து, இதெல்லாம் தனக்கு நடப்பதைப் பற்றி ஒரு பேச்சு நமக்குக் கிடைப்பதில்லை. அவள் உடம்பில் பட்ட காயங்களை நாம் பார்க்கிறோம். அந்தக் காயங்களுக்குப் பதில் சொல்லும் உரிமை சன்னாசியின் கைக்குப் போகிறது.

பாலாவின் மற்ற படங்களையும் சேர்த்துப் பார்த்தால் இது தற்செயல் இல்லை என்று தெரியும். 'சேது'வில் அபிதா உயிரை விட்ட பிறகு, அந்தச் சாவின் கனத்தைச் சேதுவின் முகத்தில்தான் படிக்கிறோம். 'நான் கடவுள்' படத்தில் கண் தெரியாத அம்சவல்லிக்கு மிஞ்சிய ஒரே தேர்வு, தன்னைக் கொன்றுவிடும்படி ருத்ரனிடம் கேட்பது. அவன் அதை விடுதலை என்று கொடுக்கிறான். பெண்ணின் வலியில் தொடங்கும் கதை ஆணின் பெரிய கோபத்தில் முடிவது அவருடைய பழக்கமாகிவிட்டது.

"வாழ்க்கையில் இதைவிடக் கொடுமை நடக்கிறது, அதைக் காட்டினால் தப்பா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெட்டியானையும் பிச்சையெடுப்பவர்களையும் தோட்டக் கூலிகளையும் கதையின் நடுவில் நிறுத்தியவர் பாலா. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. கொடுமையைக் காட்டலாம். ஆனால் அந்தக் கொடுமை எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துக் காட்டுகிறதா என்று கேட்க வேண்டும். அவருடைய 'பரதேசி'யே இதற்கு நல்ல அளவுகோல். பி.எச். டேனியலின் 'ரெட் டீ' நாவலைத் தழுவிய அந்தப் படத்தில் முன்பணம் உண்டு, கங்காணி உண்டு, தீராத கடன் கணக்கு உண்டு. யார் வலியில் யார் லாபம் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வெளியே வருகிறோம். ஒருவனை அடித்துக் கொன்றால் தீர்ந்துவிடும் துன்பம் இல்லை அது.

'தாரை தப்பட்டை'யில் எல்லாப் பழியும் கருப்பையா என்ற ஒருவன் தலையில் ஏறுகிறது. அவன் செத்ததும் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆடுகிறவளைக் கூலிக்கு அழைத்துக் கேவலமாகப் பேசும் ஊர், அவள் ஆட்டத்தை ரசித்துவிட்டு அவள் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கும் சாதி, நல்லதுக்குத்தான் என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தவர்கள், எல்லாரும் தப்பித்துவிடுகிறார்கள். தியேட்டரில் உட்கார்ந்து அழுத நாமும்தான்.

வெளியிலும் இதே கதைதான். திருவிழாவில் ஆடல் பாடலுக்கும் கரகாட்டத்துக்கும் அனுமதி கேட்டு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வழக்குகள் போவது நமக்குப் புதிதில்லை. ஆபாசம் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைக்கும். அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லோர் கண்ணும் ஆடுகிறவளின் உடைமேல் போகிறது. அவள் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்த நீளும் கையின்மேல் போவதில்லை.

அந்தப் படத்தின் இசையை இப்போதும் கேட்கிறேன். மேளம் எழும்பும்போது உடம்பு தானாக அசைகிறது. அதில் பொய் இல்லை. ஆனால் கேட்கும்போதெல்லாம் சூறாவளியின் ஒரு பேச்சுக்காகக் காத்திருக்கிறேன். "எனக்கு எது நல்லதுன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று அவள் சன்னாசியிடம் கேட்டிருந்தால், அவன் என்ன சொல்லியிருப்பான்?

என் அத்தை என்ன சொல்லியிருப்பார் என்றும் யோசிக்கிறேன். அவரையும் பத்து மணிக்கு யாரோ எழுப்பித்தானே அனுப்பியிருப்பார்கள்.