கூடுதல் வேகமும் கூடுதல் விலையும்

கிராபிக்ஸ் கார்டின் சிப்பை வடிவமைப்பவை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் போன்ற சில நிறுவனங்கள் மட்டுமே. அந்தச் சிப்பை வாங்கி, மின்பலகை, ஹீட்சிங்க், ஃபேன் ஆகியவற்றைச் சேர்த்துக் கார்டாக விற்பவை அசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், சோட்டாக், சஃபையர் முதலிய நிறுவனங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் இன்ன வேகம் என்று சிப் நிறுவனம் வரையறுத்துக் கொடுக்கிறது. கார்டு நிறுவனம் அந்த வேகத்தைச் சற்று உயர்த்தி அமைத்து, பெட்டியில் ‘ஓசி’ என்று அச்சிட்டு, விலையையும் உயர்த்தி விற்றால் அது ஃபேக்டரி ஓவர்கிளாக் கார்டு. சிப் ஒன்று, மாடல் பெயர் ஒன்று, விலை இரண்டு. அதிகப்படியான பணத்துக்கு வாங்குபவர் பெறுவது என்ன, அது பெறத்தக்கதா என்பது பார்வைக்குக் கடைத்தெருக் கணக்கு. ஆனால் காரணம், புலனறிவு, ஆசை, மதிப்பு ஆகியவற்றைப் பற்றித் தத்துவம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்விகள் நான்கும் அதற்குள் இருக்கின்றன.

முதலில் அளவைப் பார்க்கலாம். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 விற்பனைக்கு வந்தபோது என்விடியா அறிவித்த விலை 1,599 டாலர். குறிக்கப்பட்ட பூஸ்ட் வேகம் 2,520 மெகாஹெர்ட்ஸ். அதே சிப்பைக் கொண்ட அசுஸ் ஆர்ஓஜி ஸ்ட்ரிக்ஸ் ஓசி கார்டின் விலை 1,999 டாலர். குறிக்கப்பட்ட வேகம் 2,610 மெகாஹெர்ட்ஸ். வேகத்தில் உயர்வு சுமார் 3.6 சதவீதம்; விலையில் உயர்வு 25 சதவீதம். எல்லா ஓசி கார்டுகளிலும் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பதில்லை. சிலவற்றில் விலை சொற்பமாகவே கூடுகிறது. ஆனாலும் விலை ஏறும் வீதத்துக்கு வேகம் ஏறாது என்பது பெரும்பாலும் பொருந்தும்.

அந்தக் கூடுதல் வேகம் எங்கிருந்து வருகிறது? காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்தில் நுண்ணிலையில் இருக்கிறது என்பது சாங்கியமும் சைவ சித்தாந்தமும் ஏற்கும் சற்காரியவாதம். முன்பு இல்லாத ஒன்றே புதிதாகத் தோன்றுகிறது என்பது நியாய வைசேடிகர்களின் அசற்காரியவாதம். ஓவர்கிளாக் விஷயத்தில் சற்காரியவாதமே பொருந்துகிறது. ஒரே சிலிக்கான் வட்டில் வார்த்தெடுத்த சிப்புகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. சில குறைந்த மின்னழுத்தத்திலேயே வேகமாக ஓடும், சில ஓடா. ஏறக்குறைய எல்லாச் சிப்புகளும் எட்டக்கூடிய வேகத்தையே நிறுவனம் மாடலின் வேகமாக அறிவிக்கிறது. ஆகவே பல சிப்புகளில் அறிவித்த வேகத்துக்கு மேலும் கொஞ்சம் திறன் ஒடுங்கிக் கிடக்கும். தொழிற்சாலை அதை வெளிக்கொணர்கிறதே தவிர உண்டாக்குவதில்லை.

அப்படியானால் பணம் எதற்கு? சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பிரிக்கும். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். கார்டில் சிப் முதற்காரணம்; ஹீட்சிங்க், ஃபேன், மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சுற்று ஆகியவை துணைக்காரணம்; வேகத்தை இவ்வளவு என்று அமைப்பவர் நிமித்த காரணம். இந்தப் பகுப்பைக் கையில் வைத்துக்கொண்டால் விலையைப் பிரித்துப் பார்ப்பது எளிது. முதற்காரணம் இரண்டு கார்டுகளிலும் ஒன்றே. சில நிறுவனங்கள் நல்ல சிப்புகளைத் தேர்ந்தெடுத்து விலை உயர்ந்த கார்டுகளில் வைப்பதுண்டு, ஆனால் அவற்றுக்கிடையிலான வேறுபாடு சிறிது. நிமித்த காரணத்தின் வேலையை வாங்குபவரே செய்துகொள்ளலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் பிற நிறுவனங்களின் கார்டுகளிலும் வேலை செய்யும். அதில் ஒரு கோட்டை நகர்த்தினால் வேகம் கூடும். எஞ்சுவது துணைக்காரணம் மட்டுமே. பெரிய ஹீட்சிங்க்கும் நல்ல ஃபேனும் உறுதியான மின்சுற்றும் மென்பொருளால் கிடைப்பவை அல்ல. கூடுதல் விலைக்கு உண்மையான ஈடு ஏதேனும் இருக்குமானால் அது பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. சிப்பில் ஒடுங்கிய திறன் எவ்வளவு என்று வாங்குபவருக்கு முன்கூட்டித் தெரியாது. தொழிற்சாலை அதைச் சோதித்து, வாரண்டியுடன் தருகிறது. ஆகவே அவர் வாங்குவது வேகத்தை அன்று, உறுதியை. மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் உறுதி தரப்படுவது எதற்கு என்பதையும் பார்க்க வேண்டும். 2012இல் ஜிடிஎக்ஸ் 680 கார்டுடன் என்விடியா ஜிபியு பூஸ்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. அதன்பின் கார்டு தன் வெப்பத்தையும் மின்நுகர்வையும் தானே அளந்து, இடம் இருக்கும்வரை வேகத்தைத் தானே ஏற்றிக்கொள்கிறது. பெட்டியில் குறித்த வேகத்தைச் சாதாரணக் கார்டே நடைமுறையில் தாண்டிவிடுகிறது. அட்டையில் உள்ள இரண்டு எண்களுக்கிடையே தெரியும் இடைவெளி, இரண்டு கார்டுகளும் ஓடும்போது பெரும்பாலும் சுருங்கிவிடும். அளவை நூல்களின் மொழியில் சொன்னால், பெட்டியின் மேலுள்ள எண் உரை. ஓட்டி அளந்து பார்த்த சோதனை காண்டல். இரண்டும் முரண்படும்போது இங்கே காண்டலே வலியது.

ஒடுங்கிய திறன் அளவற்றதும் அன்று. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ என்ற 300 மெகாஹெர்ட்ஸ் கணினிச் சிப்பைப் பலர் 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். ஐம்பது சதவீத உயர்வு கூடுதல் விலையின்றிக் கிடைத்தது. இன்று சிப் நிறுவனங்கள் அந்த மிச்சத்தின் பெரும்பகுதியைத் தாங்களே எடுத்து அறிவித்த வேகத்தில் சேர்த்துவிடுகின்றன. மேலும் ஏற்ற முயன்றால் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. சிப் இயங்கச் செலவாகும் மின்சக்தி வேகத்தின் நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடி விகிதத்திலும் உயர்கிறது. வேகத்தை 5 சதவீதம் கூட்ட மின்னழுத்தத்தையும் 5 சதவீதம் கூட்ட நேர்ந்தால் மின்சக்தி ஏறக்குறைய 16 சதவீதம் கூடும். கூடிய மின்சாரம் வெப்பமாகிறது, வெப்பத்தை வெளியேற்ற ஃபேன் இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது. கேமின் ஓட்டம் நினைவகத்தின் வேகத்தால் கட்டுண்டிருந்தால், சிப்பை முடுக்கியும் பயன் முழுதாகக் கிடைக்காது.

அடுத்தது புலனறிவு. வினாடிக்கு 60 பிரேம் தரும் கார்டு 3.6 சதவீதம் வேகம் கூடினால் சுமார் 62 பிரேம் தரும். ஒரு பிரேமுக்கு ஆகும் நேரம் 16.7 மில்லிவினாடியிலிருந்து 16.1 மில்லிவினாடியாகக் குறையும். இந்த வேறுபாட்டைக் கருவி அளக்கும், கண் உணருமா? ஜெர்மானிய உடலியலாளர் எர்ன்ஸ்ட் வெபர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடுவுணர்ச்சியை ஆராய்ந்தபோது, உணரத்தக்க மிகச் சிறிய வேறுபாடு அடிப்படை அளவுக்கு ஏற்ப மாறுகிறது என்று கண்டார். குஸ்தாவ் ஃபெக்னர் 1860இல் அதை ஒரு விதியாக விரித்தார். அதன்படி, அடிப்படை வேகம் உயர உயர, கண்ணுக்குத் தெரிவதற்கு வேண்டிய கூடுதலும் உயர வேண்டும். ஏற்கெனவே வேகமான கார்டில் சேரும் சிறு வேகம் உணர்வின் எல்லைக்குள் வராமலே போகக்கூடும். உணரப்படாத இன்பம் இன்பமா என்று கேட்டால், பயனை நுகர்வோரின் அனுபவத்தால் அளக்கும் எந்தக் கோட்பாடும் இல்லை என்றே சொல்லும்.

ஆனால் உணர முடியாத சிறு வேறுபாடுகளைச் சேர்த்துக்கொண்டே போனால் பெரிய வேறுபாடு வந்துவிடுமே? கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மிலேட்டஸ் நகரத்து யூபுலிடீஸ் பெயரில் வழங்கும் குவியல் புதிர் கேட்பது இதைத்தான்: ஒரு மணியை எடுத்தால் குவியல் குவியலாகவே இருக்கிறது, அப்படியே ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுபோனால் எந்த இடத்தில் அது குவியல் அல்லாமல் போகிறது? விற்பனைத் தட்டில் இந்தப் புதிர் விலையின் வடிவில் வருகிறது. இருபது டாலர் கூட்டினால் சற்று நல்ல கார்டு, இன்னும் இருபது கூட்டினால் அதற்கும் மேலான கார்டு. ஒவ்வொரு படியும் சொற்பம் என்று ஏறியவர் கடைசியில் நிற்கும் இடம் சொற்பமானதாக இராது. படிகளை ஒவ்வொன்றாக எடைபோடாமல் தொடக்கத்தையும் முடிவையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதே இந்தப் புதிருக்கு நடைமுறை விடை.

மூன்றாவது ஆசை. எபிக்யூரஸ் ஆசைகளை மூவகைப்படுத்தினார்: இயல்பானவையும் இன்றியமையாதவையும்; இயல்பானவை, ஆனால் இன்றியமையாதவை அல்லாதவை; இரண்டுமல்லாமல் வெற்று எண்ணத்தில் பிறப்பவை. மூன்றாம் வகைக்கு எல்லை இல்லை என்பதே அவர் அதைத் தள்ளியதற்குக் காரணம். கேம் நன்றாக ஓட வேண்டும் என்ற விருப்பத்தை நடு வகையில் வைக்கலாம். தன் கார்டு பிறருடைய கார்டைவிட மேலான வரிசையைச் சேர்ந்தது என்ற நிறைவு மூன்றாம் வகை. 1899இல் தார்ஸ்டைன் வெப்ளன் எழுதிய ஓய்வு வர்க்கத்தைப் பற்றிய நூல், சில பொருள்கள் பயனுக்காக அல்லாமல் செலவழிக்கும் ஆற்றலைக் காட்டுவதற்காகவே வாங்கப்படுகின்றன என்று விளக்கியது. வண்ண விளக்குகளும் அவற்றைக் காட்டும் கண்ணாடிப் பக்கமும் கணினியின் வேகத்தில் எதையும் சேர்ப்பதில்லை. அழகுக்காக வாங்குவது குற்றமன்று; அழகுக்குக் கொடுத்த விலையை வேகத்துக்குக் கொடுத்ததாக நம்புவதே பிழை.

கடைசியாக மதிப்பு. ஒரே தொகை எல்லோருக்கும் ஒரே எடை உடையதன்று என்பதை டேனியல் பெர்னூலி 1738இல் வாதிட்டார்: கூடுதலாக வரும் செல்வம் தரும் பயன், ஏற்கெனவே உள்ள செல்வம் பெருகப் பெருகக் குறையும். ஆகவே ஸ்ட்ரிக்ஸ் கார்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் நானூறு டாலர் தகுமா என்பதற்குக் கார்டில் மட்டும் விடை தேட முடியாது. வள்ளுவரும் பொருளின் அளவறிந்து வழங்குவதை வலியறிதல் அதிகாரத்தில் சேர்த்தார். கையிருப்பை அறிவதும் தன் வலிமையை அறிவதன் பகுதியாகிறது. செலவின் உண்மையான அளவு, அதே பணத்தால் பெற்றிருக்கக்கூடிய வேறொன்று என்பது பொருளியலாளர் ஃப்ரெடரிக் வான் வீசர் வளர்த்த கருத்து. 2023இல் ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு 599 டாலருக்கும் 4070 டிஐ கார்டு 799 டாலருக்கும் அறிமுகமாயின. முன்னதில் 5,888 கோர்கள், பின்னதில் 7,680 கோர்கள். ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம். ஓவர்கிளாக் செய்த 4070 ஒன்றுக்கு நூறு டாலர் கூடுதலாகக் கொடுப்பவர் அடுத்த மாடலுக்குப் பாதித் தூரம் பணத்தால் நடந்துவிடுகிறார். வேகத்தால் அந்தப் பாதியை எட்டுவதில்லை.

மிகச் சிறந்ததைத் தேடிக்கொண்டே இருப்பதைவிட, போதுமானது எது என்று முன்னரே வரையறுத்து, அதை எட்டும் முதல் பொருளை ஏற்பது அறிவுடைமை என்பது 1950களில் ஹெர்பர்ட் சைமன் முன்வைத்த கருத்து. மானிட்டரின் திறன், ஆடும் கேம், கையிலுள்ள பணம் ஆகிய மூன்றும் அந்தப் ‘போதும்’ என்ற கோட்டை வரைந்துவிடும்.

இவற்றைத் தொகுத்தால் முடிவு தெளிவானது. வேகத்துக்காக மட்டும் என்றால், கிடைக்கும் வேகச் சதவீதத்துக்கு மேல் விலைச் சதவீதம் கொடுப்பது தகாது. அந்த அளவுக்குள் இருந்தால் வாங்கலாம். அமைதியான, குளிர்ச்சியான இயக்கம் வேண்டுவோர் நல்ல ஹீட்சிங்க்குக்கும் ஃபேனுக்கும் தனியே ஒரு விலை மதித்து, அதைக் கொடுப்பது முறையே. நாள் முழுதும் படம் ரெண்டர் செய்பவருக்குப் பத்து மணி நேர வேலையில் 3.6 சதவீத வேகம் சுமார் இருபது நிமிடத்தை மிச்சப்படுத்தும். அந்த நேரம் பணமாகும் தொழிலில் கணக்கு மாறும். கூடுதல் தொகை அடுத்த மாடலின் விலையை நெருங்கினால் அடுத்த மாடலையே வாங்க வேண்டும். இவற்றில் எதுவும் பொருந்தாதவருக்குச் சாதாரணக் கார்டே போதும்.