ஒதுங்கி வாழ்தல் அறமாகுமா?

ஊரார் உழைத்துக் களைத்திருக்க, கலைஞன் ஒருவன் தன்னை ஒத்தவரோடு மட்டும் ஒரு மூலையில் ஒதுங்கி வாழ்வது அறமாகுமா? இவ்வினா பழையது. ஆனால் சென்ற ஆண்டு என் மகன் அதனை என் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டான். பள்ளிப்படிப்பை முடித்தவன், "அப்பா, நான் ஓவியக் கல்லூரியில் சேரப் போகிறேன். பிறகு சோழமண்டலம் போன்ற ஓரிடத்தில் வாழ வேண்டும்" என்றான்.

எனக்குச் சினம் பொங்கியது. என் பாட்டனார் வடஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி இத்தங்கவயலுக்கு வந்தவர். என் தந்தையார் மைசூர் மைன்ஸில் சுரங்கத் தொழிலாளி. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோது ஊதியமின்றி வீடு திரும்பியவர். நானோ விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று, கோப்புகளோடு பகலைக் கழித்து, இரவில் திரும்பும் மத்திய அரசு எழுத்தன். இருட்டிலிருந்து மேசைக்கு வர எங்களுக்கு மூன்று தலைமுறை ஆயிற்று. அம்மேசையை விட்டு இவன் ஒதுங்குவதா?

சினம் தணிந்தபின் சிந்தித்தேன். ஒதுங்கிச் சென்ற கலைஞர் உலகெங்கும் உளர். ருசிய ஓவியர் நிக்கொலாய் ரோரிக், குளிர் மிகுந்த குலு பள்ளத்தாக்கின் நகர் என்னும் மலைச்சிற்றூரில் 1928-இல் குடியேறி, 1947-இல் மறையும் வரை இமயத்தைத் தீட்டினார். அது தனியொருவரின் தவம். சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் 1966-இல் எழுந்த சோழமண்டல ஓவியர் கிராமமோ பலர் கூடிச் செய்த முயற்சி.

அதன் வழிகாட்டி, சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர். தம் மாணவர்கள் கற்று முடித்தபின் வயிற்றுப்பாட்டுக்காக ஏதேனும் ஒரு வேலையில் அமர்ந்து, தூரிகையையே மறந்துவிடுவதைக் கண்டு வருந்தியவர் அவர். அதற்கு மாற்றாக, முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் ஒரு கைவினைச் சங்கமாகக் கூடினர். துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் வேலை செய்து விற்றனர். அவ்வருவாயைச் சேர்த்து மணற்பாங்கான நிலத்தை வாங்கினர். கைத்தொழில் சோறிட்டது, எஞ்சிய பொழுது ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் உரியதாயிற்று.

இங்கேதான் அறத்தின் முடிச்சு உள்ளது. வள்ளுவர் இல்லறவியலை முன்வைத்து, துறவறவியலைப் பின்வைத்தார். துறந்தவரையும் தாங்கும் கடமையை இல்வாழ்வான் தோளில் ஏற்றினார். ஆகவே ஒதுங்குகிறவனிடம் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "ஏன் ஒதுங்குகிறாய்?" என்பதன்று, "உன் உலையில் அரிசியிடுபவர் யார்?" என்பதே. தந்தையின் முதுகிலோ மனைவியின் கண்ணீரிலோ கட்டப்பட்ட தனிமை, எத்தகைய காவியத்தைப் படைத்தாலும் கடன்பட்ட தனிமையே. சோழமண்டலத்தார் தம் அரிசியைத் தம் கையாலேயே ஈட்ட முனைந்தனர். அவர்களைத் தப்பியோடியவர் என்று நான் எங்ஙனம் சொல்வேன்?

ஒதுங்காமலும் கலை பிறக்கும் என்பது மெய்யே. பணிக்கருக்கு முன் அதே கல்லூரியின் முதல்வராய் விளங்கிய தேவிபிரசாத் ராய் சௌத்ரி, பதவியும் நகரமும் சூழ வாழ்ந்தவர். மெரினாவில் 1959-இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். பெரும்பாறையைப் பெயர்க்கும் அந்நால்வரைக் காணும்போதெல்லாம் எங்கள் ஊர்த் தொழிலாளர் நினைவே எனக்கு வரும். ஆதலின் தனிமை கலைக்குக் கட்டாயமன்று. சிலருக்கு அது தேவை, அவ்வளவே.

இவ்வாறெல்லாம் நான் எண்ணிக் குழம்பியிருந்த ஒரு மாலையில், என் தந்தையார் மட்டும் அமைதியாகச் சொன்னார்: "நாங்களும் ஊரை விட்டுட்டுத்தான் கீழே போனோம். கீழே போனவன் மேலே வந்தால் சரி."

அச்சொல் என்னை உலுக்கியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் ஆழமானது. வெயிலையும் மனைவி மக்களையும் விட்டு அவ்விருளில் இறங்கியவனை உலகம் துறந்தவன் என்று எவரும் சொன்னதில்லை. ஏனெனில் அவன் வெறுங்கையோடு மீளவில்லை. ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம் பொன்னே தேறும். அதற்கும் அத்துணை ஆழம் வேண்டியிருந்தது. கலைஞனின் ஒதுக்கமும் அத்தகையதாயின் அறமே. ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கலைஞன் விரும்பி இறங்குகிறான். என் தந்தையாரை வறுமை இறக்கியது. விரும்பி ஒதுங்கும் உரிமை பெற்றவன், அவ்வுரிமை அற்றவரை நினைந்திருத்தல் வேண்டும். நினையாத ஒதுக்கம் வெறும் ஒளிதலே.

அயல் மண்ணில் வாழும் நமக்கு மாதச் சம்பளமே மதில். அம்மதிலுக்கு வெளியே பிள்ளை கால் வைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. என் நெஞ்சும் இன்றுவரை நடுங்குகிறது. எனினும் மகனிடம் இரண்டே நிபந்தனை விதித்தேன். உன் சோற்றுக்கு ஒரு கைத்தொழிலையும் கற்றுக்கொள். எங்கு ஒதுங்கினாலும் ஆண்டுக்கொருமுறை உன் படங்களை இவ்வூருக்குக் கொண்டுவந்து உன் தாத்தாவின் தோழர்களுக்குக் காட்டு.

அவன் இசைந்தான். கல்லூரிக்கு விண்ணப்பமும் அனுப்பினோம். உறை மீது முகவரியை எழுதியது இவ்வெழுத்தனின் கையே.