நோவைப் பொறுப்பது எப்போதும் புண்ணியமா?

உங்கள் தந்தையார் இருதய சத்திரசிகிச்சை முடிந்து வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கிறார் என வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையருகே ஒரு பொத்தான். நோவு கூடும்போது அதை அழுத்தினால், சிறு பம்பி ஒன்று மோர்பீன் போன்ற மருந்தைச் சிறிதளவு நாளத்தினுள் செலுத்தும். அவரோ அழுத்த மறுக்கிறார். “ஆண்டவர் பட்ட பாட்டுக்கு முன்னால இது என்ன? ஒப்புக்குடுக்கிறன்” என்கிறார். கண்களில் நீர் வழிகிறது. இது புண்ணியந்தானா?

அவசரப்பட்டு ஆமென்று சொல்லிவிடாதீர்கள். இச்சிகிச்சையில் பெரும்பாலும் நெஞ்செலும்பைப் பிளந்தே இருதயத்தை அணுகுகிறார்கள். பின்னர் நோயாளி ஆழ்ந்து மூச்சிழுக்க வேண்டும்; இருமிச் சளியை வெளியேற்ற வேண்டும்; எழுந்து நடக்க வேண்டும். நோவுக்கஞ்சி மூச்சை அடக்கினால் சளி தேங்கி நிமோனியா வரக்கூடும். எனவே அவர் நோவை மட்டும் ஒப்புக்கொடுக்கவில்லை. இறைவன் தம்மிடம் ஒப்படைத்த உடலையும் பணயம் வைக்கிறார்.

திருச்சபை இதைக் கேட்கவில்லை. 1957 பெப்ரவரியில் மயக்கமருந்து வைத்தியர்களின் வினாக்களுக்குப் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் விடையளித்தபோது, துன்பத்தைத் துன்பத்துக்காகவே விரும்பும் கடமை கிறிஸ்தவனுக்கு இல்லை என்றும், சிலவேளை துன்பமே புதிய குற்றங்களுக்கு ஏதுவாகலாம் என்றும் விளக்கினார். 1980இல் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுத் திருச்சங்கம், கிறிஸ்துவோடு இணைந்து துன்பத்தை மனமுவந்து ஏற்போரைப் போற்றியது. ஆனால் அவ்வீரத்தைச் சகலருக்கும் விதியாக்குவது விவேகமன்று என்றது.

சிலுவையருகே கொடுத்த வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை ஆண்டவர் ஏற்கவில்லை என மாற்கு எழுதுகிறார். உண்மைதான். ஆனால் அதே ஆண்டவர் நோயாளரிடம் பொறுத்துக்கொள் என்று சொல்லி அப்பால் போகவில்லை, குணமாக்கினார். அவர் காட்டிய நல்ல சமாரியனும் அடிபட்டவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. காயங்களில் எண்ணெயும் இரசமும் வார்த்தான்.

இனி மறுபக்கத்தையும் பாருங்கள். தந்தை கண்ணயர்ந்திருக்கிறார், நித்திரையில் முனகுகிறார். மகள் மனமிரங்கிப் பொத்தானைத் தானே அழுத்துகிறாள். இது பெருந்தவறு. ஒருமுறை மருந்து கொடுத்தபின் குறித்த சில நிமிடங்கள் செல்லும்வரை பம்பி மறுபடி கொடாது. அது ஒரு காவல். அதனிலும் பெரிய காவல் நோயாளியின் உணர்வே. மருந்து மிகுந்தால் நித்திரை வரும். நித்திரை கொள்பவரின் விரல் பொத்தானை அழுத்தாது. பிறர் அழுத்தினால் அக்காவல் உடைகிறது; மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

மறுப்பவரை வீரர் என்று புகழ்ந்தாலும், உறங்குபவருக்காக அழுத்தினாலும் நாம் செய்யும் பிழை ஒன்றே. இன்னொருவரின் நோவை நம் கையால் அளக்கப் பார்க்கிறோம். அதை அளக்க வல்லவர் அதைச் சுமப்பவரே. அவர் சொல்வதை நம்புவதே அன்பு.

மருந்துக்கு அடிமையாகிவிடுவாரோ என்று அஞ்சுகிறீர்களா? சத்திரசிகிச்சைக்குப் பின் வைத்தியரின் கண்காணிப்பில் சில நாட்கள் கொடுப்பதில் அந்த அபாயம் குறைவு. ஐயம் இருந்தால் வைத்தியரிடமே கேளுங்கள்.

எனவே தந்தையிடம் சொல்லுங்கள்: “அப்பா, நோகுதெண்டால் அமத்துங்கோ, மூச்சை நல்லா இழுங்கோ. ஒப்புக்குடுக்க இன்னும் எவ்வளவோ கிடக்கு.” ஆம், மருந்து தணித்த பின்னும் எஞ்சுவது உண்டு: நீண்ட இரவு, பிறர் கைத்தாங்கல், மரணபயம். அவற்றை அவர் ஒப்புக்கொடுக்கட்டும். நீங்களோ பொத்தானை விட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அருகிலிருங்கள். அன்னை மரியாள் சிலுவையடியில் நின்றதும் அப்படித்தானே.